கஞ்சி போட்ட கூடாரம்

பிழைக்கப் போன நாட்டிலிருந்து ஊருக்குப் படம் அனுப்புகிறவர்கள் உயரமான கட்டடத்துக்கு முன்னாலோ, அடுத்தவன் காருக்குப் பக்கத்திலோ நின்றுதான் அனுப்புவார்கள். உலக வழக்கம் அதுதான். இந்தப் புருஷனும் பெண்டாட்டியும் அனுப்பிய படங்களில் மட்டும் புல் இருக்கும், பாறை இருக்கும், முழங்கால் வரை சேறு இருக்கும். அவளுடைய மாமியார் ஒரு நாள் போனில் கேட்டே விட்டாள்: "கடல் தாண்டிப் போயும் காட்டுலதான் நிக்கணுமா? இங்கயே நாலு மாடு வாங்கிக் குடுத்திருப்பேனே, மேச்சுக்கிட்டு நின்னிருக்கலாமே."

காட்டில் நிற்பதற்குக் காரணம் இருந்தது. அவளுக்கு வேலை ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஓட்டல் படுக்கைவிரிப்பு, ஆஸ்பத்திரித் தலையணை உறை எல்லாம் மலை மலையாக வரும். ஈரவிரிப்பை இழுத்துச் சுடச்சுட உருளும் இயந்திரத்துக்குள் விடுவதுதான் அவள் வேலை. அந்தப் பக்கம் அப்பளம் மாதிரி வந்து விழும். கூடம் முழுக்க நீராவி. எதிரில் நிற்கிறவளின் முகம்கூடக் கலங்கித்தான் தெரியும். அங்கே பல தேசத்துப் பெண்கள் இருந்தார்கள். கூட வேலை செய்த ஒரு தமிழ்ப்பெண் அவளை அக்கா என்று கூப்பிடப் போக, அதுதான் பெயர் என்று எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். தலை பஞ்சாக நரைத்த மேனேஜரம்மாவுக்குக்கூட அவள் அக்காதான். அவளைப் பெற்றவளைவிட மூத்தவள் அந்த அம்மா. அக்காவும் திருத்தவில்லை. மரியாதை வலிய வரும்போது வேண்டாம் என்பார்களா யாராவது?

புருஷனுக்கு லிப்ட் பழுது பார்க்கும் வேலை. லிப்டில் ஏறி இறங்குகிறவர்களுக்குக் கண்ணாடியும் விளக்கும் தெரியும். அதைப் பழுது பார்க்கிறவனுக்குத் தெரிவது அதற்குப் பின்னால் இருக்கும் இருட்டுக் குழிதான். கிணற்றுக்குள் இறங்கின மாதிரி நாள் முழுக்கக் கயிறும் மசகும் தலைவிளக்குமாகக் கிடப்பார் லிப்ட்காரர். இருவரும் குடியிருந்ததோ தரைக்குக் கீழே ஒரு அறை. ஜன்னல் என்று பெயருக்கு ஒன்று உண்டு. அதில் தெருவில் போகிறவர்களின் செருப்பு தெரியும். யார் போகிறார்கள் என்று செருப்பை வைத்தே சொல்லிவிடுவாள் அக்கா.

இப்படிப்பட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்தால் கடைத்தெருவுக்குப் போவார்களா, வானத்தைப் பார்க்கப் போவார்களா? நீங்களே சொல்லுங்கள்.

முதலில் பஸ் எங்கே போய் முடிகிறதோ அங்கே போய் இறங்கிப் பார்த்தார்கள். அங்கிருந்து ஒரு மண்பாதை போயிற்று. போய்த்தான் பார்ப்போமே என்று போனார்கள். அன்றிலிருந்து பித்துப் பிடித்தது. ஒரு தடவை பாதை என்று நினைத்து ஆட்டுத்தடத்தைப் பிடித்துப் போய் ஆட்டுப்பட்டிக்குள்ளேயே நின்றார்கள். ஒரு தடவை ஓடை தாண்டும்போது லிப்ட்காரர் கழுத்தில் மாட்டியிருந்த பூட்ஸில் ஒன்று தண்ணீரோடு போய்விட்டது. ஒற்றைக் கால் பூட்ஸோடு பஸ் ஏறினார். இன்னொரு தடவை சூரியன் உதிப்பதைப் பார்க்கவென்று விடியுமுன்னே குன்றேறி, குளிரில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு காத்திருந்தார்கள். வெளிச்சம் வந்தது, முதுகில் சூடும் வந்தது, சூரியனை மட்டும் காணோம். மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

"திசை தெரியாத ஆளை நம்பிக் கடல் தாண்டி வந்திருக்கேன்" என்றாள் அக்கா.

"குழிக்குள்ள மேலயும் கீழயும் மட்டும்தான் திசை. கிழக்கு மேற்கெல்லாம் எனக்கு எதுக்கு?" என்றார் அவர்.

திங்கட்கிழமை அந்தத் துணிகளைத் துவைக்கும்போது அக்காவுக்கு இன்னொரு தரம் போய்வந்த மாதிரி இருக்கும். கால்சட்டை ஓரத்தில் ஒட்டுப்புல் விதை. முழங்காலில் பச்சைக் கறை. பையைக் கவிழ்த்தால் ஒரு கூழாங்கல், காய்ந்த ஒரு இலை. துணி பொய் சொல்லாது. இது அவளுடைய தீர்மானம். மனிதர்கள் வாயால் சொல்வதை அவள் பாதிதான் நம்புவாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது மேனேஜரம்மா ஒரு நாள் அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். உருளைப் பகுதிக்கு அவளையே சூப்பர்வைசராகப் போடுவதாகச் சொல்லிச் சாவிக்கொத்தை மேசையில் வைத்தாள். நிற்க வேண்டாம், நீராவியில் வேக வேண்டாம். ஒன்றே ஒன்று. ஓட்டல் துணி குவிவது ஞாயிற்றுக்கிழமைதான், அதனால் ஞாயிறு கட்டாயம் வர வேண்டும். வாரத்தின் நடுவில் ஒரு நாள் லீவு. இந்தப் பருவம் முடியும்வரை செய்து பார்த்துவிட்டு முடிவைச் சொல்லச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து சாவிக்கொத்தைக் காட்டினாள். லிப்ட்காரர் அதை வாங்கி எடை பார்ப்பது போல் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"எடுத்துக்கோம்மா. வர்ற லட்சுமியை வாசல்ல நிறுத்தி யோசிப்பாங்களா?"

"ஞாயித்துக்கிழமை போயிடுமே."

"மலை எங்கயும் ஓடிடாது. நான் போய் பார்த்துட்டு வந்து உனக்குச் சொல்றேன். ஒரு ஆளு பார்த்தா ரெண்டு பேரு பார்த்த மாதிரிதானே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மற்ற நாட்களிலெல்லாம் அவருக்குக் குழி. அந்த ஒரு நாள் வானம்தான் மனுஷனை நிமிர்த்தி வைத்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். இவளுக்குச் சாவி, அவருக்கு வானம். இதில் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று ஆடும் போலிருந்தது. பார்க்கலாம் என்று சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

முதல் ஞாயிறு அவள் வேலை முடிந்து வந்தபோது லிப்ட்காரர் அவளுக்கு முன்னாலேயே வந்து சோறு வடித்து வைத்திருந்தார்.

"போனீங்களா?"

"போனேனாவா? இன்னிக்குப் பார்த்த மாதிரி எப்பவும் பார்த்ததில்ல." கண்ணை மூடிக்கொண்டார். "நம்ம போற மண்பாதை இருக்குல்ல, அதுல இடது பக்கமா ஒண்ணு பிரியுது. ரெண்டு குன்றுக்கு நடுவுல போனா ஒரு ஏரி. அசையவே இல்ல. மேல இருக்கிற மேகம் கீழயும் இருக்கு. மரமெல்லாம் முழங்கால் தண்ணியில நிக்குது, துணி துவைக்க வந்த பொம்பளைங்க மாதிரி. வெள்ளையா பறவைங்க. நான் லேசா இருமினேன். எல்லாம் ஒண்ணா எழுந்து, ஒரு விரிப்பை உதறின மாதிரி அப்படியே விரிஞ்சு, மறுபடி படிஞ்சுது."

அக்கா சோற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று தூக்கத்தில் அவள் காலடியில் மேகம் கிடந்தது.

மறுநாள் அவருடைய கால்சட்டையை எடுத்து உதறினாள். ஒன்றும் விழவில்லை. ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். விதை இல்லை, சேறு இல்லை, பச்சை இல்லை. சட்டையின் முதுகில் மட்டும் குறுக்கே கோடு கோடாகத் துருக்கறை. ஏரிக்கரையில் துரு ஏது? எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து உப்புப் போட்டுத் தேய்த்தாள், கறை போயிற்று.

அடுத்த ஞாயிறும் ஏரிதான். இந்தத் தடவை அவர் கரையோரமாகச் சுற்றி எதிர்க்கரைக்குப் போனாராம். அங்கே சுவர் இல்லாமல் ஒரு கதவு மட்டும் நிற்கிறதாம். திறந்து உள்ளே போனாராம், வெளியில்தான் இருந்தாராம். அதற்கு அடுத்த வாரம் ஏரி மேல் பனி போர்வை போர்த்தின மாதிரிப் படுத்திருந்ததாம். கரையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினால் தண்ணீருக்குள் மீன் திரும்புகிற சத்தம்கூடக் கேட்டதாம். திங்கட்கிழமை முதுகில் அதே துருக்கோடு. அதே எலுமிச்சை, உப்பு.

பொய் என்று தெரிந்தும் அக்காவுக்கு அந்த ஏரி பிடித்துப்போயிற்று. அதுதான் வேடிக்கை. கூடத்தில் நீராவி எழும்போதெல்லாம் அதற்குப் பின்னால் தண்ணீர் இருப்பதாகத் தோன்றும். உருளையிலிருந்து வெள்ளை விரிப்பு இறங்கினால் பறவை இறங்கின மாதிரி இருக்கும். சூப்பர்வைசரே சொக்கி நின்றால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? "அக்காவுக்குச் சம்பளம் ஏறினதும் தூக்கமும் ஏறிடுச்சு" என்று அந்தத் தமிழ்ப்பெண் கேலி பேசினாள்.

ஒரு ஞாயிறு ஒரு ஓட்டலுக்குப் போன துணியில் கணக்கு உதைத்தது. நேரில் போய்ப் பார்த்து வரச் சொல்லி மேனேஜரம்மா அவளை வேனில் அனுப்பினாள். வேன் போன வழியில்தான் அவர்கள் வழக்கமாக பஸ் ஏறும் நிறுத்தம். வேன் சிக்னலில் நின்றபோது பார்த்தாள், அங்கே இரும்புக் கம்பி வைத்த பெஞ்சில் லிப்ட்காரர் உட்கார்ந்திருந்தார். தோளில் மாட்டும் பையை மடியில் வைத்துக் குழந்தையைப் பிடித்த மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தார். பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார், எழுந்திருக்கவில்லை. பஸ் போய்விட்டது. அக்கா வேனுக்குள் சீட்டுக்குக் கீழே குனிந்துகொண்டாள். பொய்யைப் பிடிபட விடாமல் காப்பாற்றுவதும் பெண்டாட்டி வேலைதான் என்று அந்த நேரத்தில் தோன்றிவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஏரியில் படகு ஒன்று ஆளில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த கதையைச் சொன்னார் அவர். முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டுத் தட்டைக் கழுவியபடியே சொன்னாள்:

"வர்ற ஞாயிறு எனக்கு லீவு. அந்த ஏரியைக் காட்டுங்க."

லிப்ட்காரருக்குப் புரையேறிவிட்டது. "லீவா? சூப்பர்வைசருக்கு ஏது ஞாயித்துக்கிழமை லீவு?"

"குடுத்திருக்காங்க."

"அது ரொம்ப தூரம்மா. உனக்கு முட்டி வலி."

"ராத்திரி அங்கயே தங்கிடலாம். திங்கட்கிழமை சாயங்காலம் போனா போதும் எனக்கு. நீங்களும் அன்னிக்கு ஒரு நாள் லீவு சொல்லிடுங்க. நான் கூடாரம் தைக்கிறேன்."

"மழை வந்தா?"

"வரட்டும். ஏரி நிறையும்."

அவர் இடுப்பைச் சொறிந்துகொண்டு போய்ப் படுத்துவிட்டார்.

சலவைக்கூடத்தில் கிழிந்து கழித்த ஓட்டல் விரிப்புகளை எடுத்துப் போகலாம். இரண்டை இணைத்து அக்கா கூடாரம் தைத்தாள். தைத்த துணி தொளதொளவென்று தொங்கியது. அவள் கையால் ஒரு துணி தொளதொளவென்று வெளியே போனதில்லை. அது அவள் தொழில் மானம். சோறு வடித்த கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, வடிகட்டி, கூடாரத் துணி முழுக்கக் கஞ்சி போட்டுக் காயவைத்துத் தேய்த்தாள். பலகை மாதிரி விறைத்து நின்றது. தட்டினால் சத்தம் வந்தது. லிப்ட்காரர் விரலால் சுண்டிப் பார்த்து, "இதுக்குள்ள படுக்கவா, இதை வாசிக்கவா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிட்டது. வானம் பால் கலரில் இருந்தது. லிப்ட்காரர் முன்னால் நடந்தார், அக்கா பின்னால். மண்பாதையில் இடது பக்கம் பிரியும் வழியைத் தேடி அவர் போட்ட நாடகம் இருக்கிறதே, அதை எங்கே சொல்வது! ஒரு புதருக்கு முன்னால் நின்றார். "இங்கதான் எங்கயோ" என்றார். ஒரு பாறையைத் தட்டிக்கொடுத்தார், பழகின மாட்டைத் தட்டுகிற மாதிரி. அக்கா விட்டாளா?

"கதவு எந்தப் பக்கம்ங்க?"

"அது எதிர்க்கரையில."

"படகு?"

"படகு சுத்திக்கிட்டே இருக்கும். எங்க இருக்குன்னு சொல்ல முடியாது."

"நீங்க இருமுங்களேன். பறவை எழுந்தா திசை தெரிஞ்சிடும்."

அவர் நிஜமாகவே இருமினார். பாவம், வேறு வழி? எங்கோ ஒரு காக்கை பதில் சொன்னது.

கால் போன போக்கில் ஏறினார்கள். புல் இடுப்பு வரைக்கும் வந்தது. காற்று வரும்போது சரிவு முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. ஒரு இடத்தில் மரங்கள் நெருங்கி நின்று உள்ளே பச்சை வெளிச்சம் தேங்கியிருந்தது. பேசக் கூடாத இடம் மாதிரி இருந்தது. வெளியே வந்தபோது தூறல் பிடித்தது. அவசரமாகக் குச்சி நட்டுக் கூடாரத்தை நிறுத்தினார்கள். நின்றது பாருங்கள் ஜம்மென்று, கல்யாணப் பந்தியில் மடித்து வைத்த கைத்துண்டு மாதிரி. உள்ளே புகுந்து கால் நீட்டினார்கள். மேலே தூறல் விழும் சத்தம் பொரி பொரிகிற மாதிரிக் கேட்டது. அக்கா பெருமையோடு பார்த்தாள்.

கொஞ்ச நேரம்தான். தூறல் மழையானது. கூரை மெல்ல இறங்கி வந்தது. பிறகு வழவழவென்று ஏதோ லிப்ட்காரரின் நெற்றியில் சொட்டியது. தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, கஞ்சி."

அவள் தலையைத் தூக்கப் போனாள், துணி முடியோடு ஒட்டிக்கொண்டது. விலக்கப் போன கை ஒட்டிக்கொண்டது. இன்னொரு பக்கம் அவருடைய முதுகு. இருவரும் ஒரே துணியில் சிக்கி, ஒருவர் அசைந்தால் இன்னொருவர் இழுபட்டார்கள்.

"கஞ்சிக்காகத்தானே கடல் தாண்டி வந்தோம்" என்றார் லிப்ட்காரர். "இப்ப அதுக்குள்ளயே படுத்திருக்கோம்."

அந்தச் சமயத்தில் வெளியே பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம். கூடாரத்தின் ஓரத்தை யாரோ பிடித்து இழுத்தார்கள். துணியை விலக்கிப் பார்த்தால் ஒரு பசுமாடு. கஞ்சி வாசனைக்கு எங்கிருந்தோ வந்து ஓரத்தை வாயில் வைத்து நிதானமாகச் சப்பிக்கொண்டிருந்தது. கண் இரண்டும் பாதி மூடியிருந்தது. இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஒட்டிய துணி குலுங்கியது, மாடு மட்டும் கவலைப்படவில்லை. சிரித்துக்கொண்டே இருந்த லிப்ட்காரர் நடுவில் நிறுத்திவிட்டார்.

"ஏரி இல்லம்மா" என்றார்.

"தெரியும்."

"எப்படி?"

"உங்க கால்சட்டை ஓரத்துல ஒரு விதைகூட இல்ல. முதுகுல பெஞ்சுக் கம்பி துரு. அப்புறம் வேன்ல போகும்போது கண்ணாலயும் பார்த்தேன்."

அவர் கூடாரத் துணியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "முதல் வாரம் பஸ்ல ஏறினேன். டிரைவர் நம்மள பார்த்துப் பழகினவராச்சே. கேக்காமலே ரெண்டு டிக்கெட் கிழிச்சுட்டார். ஒண்ணுதான்னு சொல்ல வாய் வரல. இறங்கிட்டேன். அதுக்கப்புறம் ஏறவே முடியல. ஏறலைன்னு சொன்னா நீ வேலையை விட்டுடுவே. அதான் ஏரி கட்டினேன்." பிறகு குரல் இறங்கியது. "கிடைச்ச ஒரு லீவையும் இந்தப் பொய்யைத் தேடி வீணாக்கிட்டியே."

"லீவு இல்ல. நேத்து சாவியைத் திருப்பிக் குடுத்துட்டேன். திங்கட்கிழமையிலேர்ந்து பழைய உருளைதான். சாயங்கால ஷிப்ட் கேட்டு வாங்கிக்கிட்டேன்."

லிப்ட்காரர் எழுந்திருக்கப் பார்த்தார், துணி விடவில்லை. படுத்தபடியே கோபப்பட்டார். நிஜக் கோபம்.

"உனக்கு அறிவிருக்கா? அந்த வேலை உன்கிட்ட இருக்கணும்னுதானே இவ்வளவு நாளா கம்பி பெஞ்சுல உட்கார்ந்து கதை கட்டினேன். காலம் பூரா ஆவியிலயே வேகப்போறியா? எனக்காக விட்டேன்னு நீ சொல்லி, அதை நான் கேக்கணுமா?"

"உங்களுக்காக விட்டா அடுத்த சண்டையில சொல்லிக் காட்டிடுவேன். எனக்காகத்தான் விட்டேன்."

"உனக்கென்ன?"

மழை நின்று போயிருந்தது. மாடு சப்பும் சத்தம் மட்டும் கேட்டது.

"எத்தனை வாரம் சொன்னீங்க. பறவை இருந்துச்சு, படகு இருந்துச்சு, சுவரில்லாத கதவுகூட இருந்துச்சு. ஒரு வாரமாவது அந்த ஏரியில நான் இருந்தேனா? எல்லாத்துலயும் நீங்க தனியாத்தான் சுத்தினீங்க. மெஷினுக்கு முன்னால நின்னுக்கிட்டு தினமும் தேடிப் பார்ப்பேன், என்னைக் காணவே காணோம். அது எனக்குப் பிடிக்கல. அவ்வளவுதான்."

லிப்ட்காரர் அவள் தலைமுடியில் ஒட்டின துணியை மெல்ல மெல்லப் பிரித்துவிட்டார். இழுத்தால் வலிக்கும் என்று எச்சிலைத் தொட்டுத் தொட்டுப் பிரித்தார்.

"மூணாவது வாரம் பனி போர்த்திருந்துச்சுன்னு சொன்னேனே."

"ஆமா."

"அப்ப கரையில பக்கத்துல நீ படுத்திருந்தே. சொன்னா மாட்டிக்குவேன்னு அதை மட்டும் விட்டுட்டேன்."

"என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்?"

"தூங்கிட்டிருந்தே. மீன் சத்தம் கேட்டதும் எழுப்பலாமான்னு நினைச்சேன். அசதியா இருந்தே, எழுப்பல."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். வாயால் சொல்வதைப் பாதிதான் நம்புகிறவள், அதை முழுசாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

கூடாரத்தை மாட்டுக்கே விட்டுவிட்டு வெளியே வந்தார்கள். முடி விறைத்து, சட்டை விறைத்து, இரண்டு பொம்மைகள் நடக்கிற மாதிரி மிச்சம் இருந்த சரிவில் ஏறினார்கள். உச்சியில் நின்று பார்த்தால் அந்தப் பக்கம் நிஜமாகவே ஒரு பள்ளம் இருந்தது, இரண்டு குன்றுக்கு நடுவில். தண்ணீர் இல்லை. ஓரம் வரைக்கும் உயரமான புல்தான் நிரம்பியிருந்தது. மழை நனைத்த புல் மேல் மேகத்தை விலக்கிக்கொண்டு சாயங்கால வெயில் விழுந்தது. காற்று ஒரு கரையில் தொட்டு அடுத்த கரை வரைக்கும் அலையாகப் போயிற்று.

இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

"இறங்கலாமா?" என்றாள் அக்கா.

"பார்த்து வா. நடுவுல ஆழம்" என்றார் லிப்ட்காரர்.

அவள் கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டாள். ஈரப் புல் முதலில் கணுக்காலுக்கு வந்தது, பிறகு முட்டிக்கு, பிறகு இடுப்புக்கு. நடுவில் போனபோது இருவரின் தலையும் தோளும்தான் வெளியே தெரிந்தன. இரண்டு பேரும் கையை அகல விரித்து, விலக்கி விலக்கி, எதிர்க்கரையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள்.